42 வேகன், 50,000 மூட்டை: நெல் ரயில் ஏறுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து நாளிதழ்ப் பதிப்புகளில் மாசி, பங்குனி மாதங்களில் அடிக்கடி ஒரு துண்டுச் செய்தி வரும். 'நீடாமங்கலத்தில் இருந்து 2,000 டன் நெல் அரவைக்காகச் சரக்கு ரயிலில் அனுப்பிவைப்பு. 42 வேகன்களில் மூட்டைகள் ஏற்றப்பட்டன.' அவ்வளவுதான். ஏற்றுகிற ஊர் ஒரு நாள் தஞ்சாவூராக இருக்கும், இன்னொரு நாள் கும்பகோணமாக, திருவாரூராக இருக்கும். போய்ச் சேரும் ஊர் திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் என்று மாறும். அந்த இரண்டு எண்கள் மட்டும் மாறவே மாறாது. எப்போதாவது மாறினால் சரிபாதியாகும்: 1,000 டன், 21 வேகன்.

பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இந்தச் செய்தி மேல் சின்ன வயதில் இருந்தே ஒரு கண். ஏன் எப்போதும் 42? 40 என்று முழுசாக வைத்துக்கொள்ளக் கூடாதா? 2,000 டன் என்பது எங்கிருந்து வந்தது? நெல்லை எதற்கு அனுப்ப வேண்டும், இங்கேயே அரைத்து அரிசியாக அனுப்பினால் என்ன? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தாலே தானியம் ரயிலில் போகிற விஷயம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் நெல் குட்ஷெட்டுக்கு, அதாவது ரயிலடியில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்துக்கு, எப்படி வந்து சேருகிறது என்று பார்த்துவிடலாம்.

டெல்டாவில் அறுவடை ஆனதும் நெல் போவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துவது. ஊருக்கு ஊர், சில இடங்களில் ஒரு களம், ஒரு தகரக் கொட்டகை, அதுதான் நிலையம். அங்கே முதலில் ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பொதுவான விதி. மழைக்காலத்தில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போவதும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்புறம் தூற்றி, எடை போட்டு, சணல் சாக்கில் பிடிப்பார்கள். ஒரு மூட்டைக்கு நெல் 40 கிலோ, சாக்கின் எடை 580 கிராம். பஞ்சாபில் இதே நெல்லை மூட்டைக்கு 37.5 கிலோ என்று பிடிக்கிறார்கள். அரிசி என்றால் அதே சாக்கில் 50 கிலோ போகும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கோணி ஊசியால் வாய் தைத்த மூட்டைகளை அட்டி போட்டு அடுக்குவார்கள். அட்டி என்றால் மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சரியாமல் அடுக்கிய குவியல். அங்கிருந்து லாரி ஏறி ஒன்று கிடங்குக்குப் போகும், அல்லது திறந்தவெளிச் சேமிப்பு மையத்துக்குப் போகும், அல்லது நேரே ரயிலடிக்குப் போகும். இந்த வேலைக்குக் கழகத்தில் 'இயக்கம்' என்று பெயர். 'மூட்டைகள் இயக்கம் செய்யப்படாமல் தேங்கிக் கிடக்கின்றன' என்று செய்தி வந்தால், யாரும் போராட்டம் நடத்தவில்லை. லாரி வரவில்லை என்று அர்த்தம்.

இயக்கம் ஏன் அவசரம்? கொள்முதல் நிலையத்தில் இடம் கொஞ்சம். இன்றைக்கு வாங்கிய மூட்டை நகர்ந்தால்தான் நாளைக்கு வருகிற நெல்லைக் கொட்ட இடம் இருக்கும். சம்பாவும் தாளடியும் அடுத்தடுத்து அறுவடைக்கு வருகிற தை, மாசியில் எல்லா நிலையத்திலும் ஒரே நேரத்தில் நெல் குவியும். குறுவை இன்னும் மோசம். அது அறுவடையாகும்போதே வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். ஈர நெல்லை அட்டியில் விட்டால் உள்ளே சூடேறும், அரிசி பழுப்பேறும், இன்னும் விட்டால் மூட்டைக்குள்ளேயே முளை விடும். நனைந்த அட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அடுப்பில் இருந்து இறக்கிய பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அரிசியாக ஏன் அனுப்பக் கூடாது?

நியாயமான கேள்விதான். அரசு கணக்குப்படி 100 கிலோ நெல் அரைத்தால் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் அரிசி என்றால் 68 கிலோ கிடைக்க வேண்டும். அப்படியானால் 2,000 டன் நெல் ரயிலில் போகிறது என்றால் அதில் அரிசி 1,360 டன்தான். மிச்சம் 640 டன் உமியும் தவிடும். உமியை ரயிலில் ஏற்றி நூற்றைம்பது கிலோமீட்டர் கூட்டிப்போவானேன்?

காரணம் ஆலை. டெல்டாவில் இரண்டு மாதத்தில் குவிகிற நெல்லை டெல்டா ஆலைகளே அரைத்து முடிக்க முடியாது. அந்த உச்சத்துக்கு ஏற்ற மாதிரி ஆலை கட்டினால் வருஷத்தில் பாதி நாள் அது சும்மா நிற்கும். வேறு மாவட்டங்களில் ஆலை இருக்கிறது, அங்கே நெல் இல்லை. அதனால் நெல் ஆலையைத் தேடிப் போகிறது. ரேஷனுக்குப் பெரும்பாலும் புழுங்கல் அரிசி என்பதால் ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைக்க வேண்டும். வேலை இன்னும் கூடுதல். ரயிலேறிப் போகிற உமியும் வீணில்லை. நெல் அவிக்கிற கொதிகலனில் எரிவது அந்த உமிதான். தன்னை அவிக்க வேண்டிய விறகைத் தானே சுமந்துகொண்டு போகிறது நெல். இன்னொரு வசதி, தோலோடு இருக்கிற நெல் அரிசியைவிடப் பூச்சிக்குத் தாங்கும். வழியில் ஒரு மாதம் எங்காவது கிடங்கில் கிடந்தாலும் பெரிய பாதகம் இல்லை.

சரி, லாரியிலேயே ஆலைக்கு அனுப்பலாமே? அனுப்புகிறார்கள். பக்கத்து மாவட்டம் என்றால் லாரிதான். தூரம் கூடும்போதுதான் ரயில். ஒரு லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால் 2,000 டன்னுக்கு நூறு லாரி, நூறு ஓட்டுநர். ரயிலில் ஓர் இன்ஜின், அதில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும், கடைசியில் ஒரு கார்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு, தார்ச்சாலையில் டயர் உருளுவதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் இழுக்க ஆகும் எரிபொருளும் குறைவு.

ஆனால் ரயிலுக்கு ஒரு குறை உண்டு. அது வயலுக்கும் வராது, ஆலைக்கும் போகாது. இந்தப் பக்கம் ஒரு லாரி, அந்தப் பக்கம் ஒரு லாரி, நடுவில் வேகனில் ஒரு தடவை ஏற்றி ஒரு தடவை இறக்க வேண்டும். நேரே லாரியில் போனால் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, இரண்டு கூலி. ரயிலில் போனால் லாரியில் ஏற்றி, குட்ஷெட்டில் இறக்கி, வேகனில் ஏற்றி, அந்த ஊரில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி, ஆலையில் இறக்கி என்று ஆறு தடவை மூட்டையைத் தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலி உண்டு, சிந்தல் உண்டு. இந்தக் கூடுதல் செலவை ரயில் பயணத்தில் மிச்சமாகிற காசு ஈடுகட்ட வேண்டும் என்றால் தூரம் இருக்க வேண்டும்.

அந்த 42 எங்கிருந்து வந்தது?

ரயில்வே தானியத்தை ஒரு வேகன், இரண்டு வேகன் என்று எடுத்துப்போவதை எப்போதோ நிறுத்திவிட்டது. முழு ரயிலாகத்தான் எடுக்கும். அப்படி ஒன்றாகக் கோத்த வேகன் தொடருக்கு 'ரேக்' என்று பெயர். குட்ஷெட்டில் யாரும் ரயில் என்று சொல்ல மாட்டார்கள். 'ரேக் வந்துச்சா', 'ரேக் போட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ரேக்கில் எத்தனை வேகன் என்பதை முடிவு செய்வது இன்ஜினின் பலம் மட்டும் இல்லை. வழியில் எக்ஸ்பிரஸ் வந்தால் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க வேண்டும். நிலையங்களில் அதற்காகப் போட்டிருக்கும் பக்கப் பாதைக்கு லூப் லைன் என்று பெயர். இந்திய ரயில்வேயில் அதன் வழக்கமான நிற்கும் நீளம் 686 மீட்டர். ரயில் அதற்குள் முழுதாக அடங்க வேண்டும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்பிரஸ் போக முடியாது. நெல் போகிற மூடு வேகன் ஒன்றின் நீளம் ஏறக்குறைய பதினாலரை மீட்டர். 42 வேகன் 609 மீட்டர். முன்னால் இன்ஜின், பின்னால் கார்டு இருக்கிற பிரேக் வேன், நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பின் இடம். கணக்கு முடிந்தது. தஞ்சாவூர் நெல்லுக்கும் 42க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வழியில் இருக்கிற ஏதோ ஒரு சின்ன நிலையத்தின் லூப் லைன்தான் எத்தனை மூட்டை போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

இப்போது 2,000 டன். அதே 42 வேகனில் அரிசி போனால் செய்தியில் 2,600 டன் என்று இருக்கும். நெல் என்றால் 2,000. ஏன்? மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, ஒரே சாக்கில் அரிசி 50 கிலோ, நெல் 40 கிலோ. அதேதான் இங்கேயும். நெல்லில் உமிக்கும் அரிசிக்கும் நடுவில் காற்று, மணிக்கும் மணிக்கும் நடுவில் காற்று. வேகனின் உள்ளளவு நூறு கன மீட்டருக்குச் சற்று மேல். அரிசியை ஏற்றினால் வேகன் நிரம்புவதற்கு முன்னாலேயே எடை வரம்பு வந்துவிடும், கூரைக்குக் கீழே இடம் காலியாகக் கிடக்கும். நெல்லை ஏற்றினால் கூரை வரை அடைத்தாலும் எடை வரம்பு வராது. வேகனுக்குச் சுமார் 48 டன்னோடு இடம் தீர்ந்துவிடும். 48 டன்னை 40 கிலோவால் வகுத்தால் 1,200 மூட்டை. 42 வேகனுக்கு 50,400. தலைப்பில் இருக்கிற ஐம்பதாயிரம் இப்படி வந்ததுதான்.

குட்ஷெட்டில் ஒரு நாள்

பயணம் இதில் சின்னப் பகுதி. தஞ்சாவூரில் இருந்து திண்டுக்கல் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான். பாதை கிடைத்தால் நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். நாள் போவதெல்லாம் இரண்டு முனைகளிலும்தான்.

முதலில் கழகம் ரயில்வேயிடம் ரேக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு இன்டென்ட் போடுவது என்று பேர். ரேக் உடனே வராது. எங்கேயோ உரமோ சிமென்ட்டோ இறக்கிவிட்டுக் காலியான வேகன்கள்தான் வர வேண்டும். யூரியா இறக்க டெல்டாவுக்கே வந்த ரேக் என்றால் அதிர்ஷ்டம். ஆனால் வேகனுக்குள் உரமோ சிமென்ட் தூசியோ இருந்தால் நெல் ஏற்றக் கூடாது, பெருக்கித் துடைக்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் உள்ளே நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாக மழையும் வரும். அங்கே பழைய சாக்கை வைத்து அடைக்க வேண்டும்.

ரேக்கை நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். மூடு வேகன் ரேக்கைக் கையால் ஏற்றுவதற்கு ரயில்வே இலவசமாகத் தருகிற நேரம் வழக்கமாக ஒன்பது மணி நேரம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வேகனுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாமதக் கட்டணம். இதை டெமரேஜ் என்பார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கட்டணம் வார்ஃபேஜ். வேகனைப் பிடித்து வைத்தால் டெமரேஜ். வேகனில் இருந்து இறக்கிய சரக்கை எடுத்துப் போகாமல் ரயில்வே இடத்திலேயே போட்டு வைத்தால் வார்ஃபேஜ்.

ஒன்பது மணி நேரத்தில் ஐம்பதாயிரம் மூட்டை. நிமிஷத்துக்குத் தொண்ணூறு மூட்டைக்கு மேல். ஒரே வேகனை எடுத்துக்கொண்டாலும் நிமிஷத்துக்கு இரண்டு மூட்டை, இடைவிடாமல், ஒன்பது மணி நேரம். எந்த இயந்திரமும் இல்லை. தலையில் சும்மாடு, அதன் மேல் மூட்டை, லாரிக்கும் வேகனுக்கும் நடுவில் ஒரு பலகை. வேகன் வாசலில் ஒருவர் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். உள்ளே இரண்டு பேர் வாங்கி அடுக்குவார்கள். முதலில் இரண்டு கோடியையும் கூரை வரை நிரப்பிவிட்டுக் கடைசியில் கதவுக்கு நேரே இருக்கிற நடுப்பகுதிக்கு வருவார்கள். கதவுப் பக்கம் அடுக்கு சரிந்தால் இறக்குகிற ஊரில் கதவைத் திறக்கிறவர் மேல்தான் விழும்.

ஒரு தடவை குட்ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த சுமைதூக்கும் பெரியவரிடம் கேட்டேன், நெல் மூட்டை சுலபமா, அரிசி மூட்டை சுலபமாண்ணே என்று. பத்து கிலோ கம்மியாச்சே, நெல் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். "அரிசிதான் தம்பி. கனம்தான், ஆனா தலையில படிஞ்சு உக்காந்துக்கும். நெல்லு சொணை. ராத்திரி குளிச்சாலும் கழுத்தெல்லாம் அரிக்கும்" என்றார். அதற்கப்புறம் அந்தத் துண்டுச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து அரிப்பது போல இருக்கும்.

ஏற்றி முடித்ததும் கதவை இறுக்கிச் சாத்தி, கம்பி போட்டு சீல் வைப்பார்கள். ரயில்வே ஒரு ரசீது தரும். ஆர்.ஆர் என்பார்கள், ரயில்வே ரசீது. இப்போது பெரும்பாலும் மின்னணு வடிவில். இந்தச் சரக்கு யாருடையது, எங்கே போகிறது, எவ்வளவு என்பதற்கு அதுதான் சான்று. அதைக் காட்டினால்தான் அந்த ஊரில் சரக்கை எடுக்க முடியும். ஆர்.ஆரில் ஒரு நுணுக்கம் உண்டு. மூட்டை ஏற்றும்போது ரயில்வே ஊழியர் பக்கத்தில் நின்று எண்ணவில்லை என்றால், 'இத்தனை மூட்டை இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்ற பொருளில்தான் ரசீது போடுவார்கள். சீல் உடையாமல் வேகன் போய்ச் சேர்ந்து, உள்ளே பத்து மூட்டை குறைந்தால், அது உங்கள் பாடு. அதனால்தான் வேகன் வாசலில் எண்ணுகிற ஆளுக்கு அவ்வளவு மரியாதை.

எல்லா குட்ஷெட்டிலும் 42 வேகனை ஒரே நேரத்தில் நிறுத்துகிற அளவுக்கு நடைமேடை கிடையாது. ரேக்கை இரண்டாக வெட்டி, 21 வேகனை முதலில் நடைமேடைக்குத் தள்ளி, அவை ஏறியதும் இழுத்துவிட்டு மற்ற 21ஐத் தள்ள வேண்டும். இந்த முன்னே பின்னே வேலைதான் ஷண்டிங். குட்ஷெட்டுக்குப் பக்கத்தில் லெவல் கிராசிங் இருந்துவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் பாவம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இன்ஜின் ஒரு தடவை போகும், கேட் திறக்கும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால் அதே இன்ஜின் பின்னாலேயே திரும்பி வரும்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இதே வேலை தலைகீழாக நடக்கும். அங்கேயும் கடிகாரம், அங்கேயும் டெமரேஜ். எடை போட்டால் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். உடனே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. சாக்குத் தையல் வழியாகவும், மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்த இடத்திலும் சிந்தும். அதைவிடப் பெரிது காய்தல். ஒரு சின்னக் கணக்கு: 17 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் வாங்கினால் அதில் 170 கிலோ தண்ணீர், 830 கிலோ நெல். அது கிடங்கில் கிடந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் மொத்த எடை 965 கிலோதான் இருக்கும். ஒரு மணி நெல்லும் எங்கேயும் போகாமல் 35 கிலோ போய்விட்டது. ஒரு முழு ரேக்குக்கு இது 70 டன். ரயிலில் போகிற ஒரு நாளில் இவ்வளவு காயாது, திறந்தவெளியில் மாதக்கணக்கில் கிடந்தால் காயும். இயற்கையாகக் குறைந்தது எவ்வளவு, கை வைத்துக் குறைந்தது எவ்வளவு என்று பிரிப்பதில்தான் கிடங்குக் கணக்குச் சண்டைகள் எல்லாம்.

பழைய பாதை

நெல்லும் ரயிலும் டெல்டாவில் சேர்ந்தது நேற்று இன்றைக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்துவிட்டது, அடுத்த வருஷம் திருச்சி வரை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற ஆங்கிலக் கம்பெனி போட்டது. டெல்டா அரிசி கடல் தாண்டி இலங்கைக்குப் போன காலம் அது. அங்கே தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழர்கள் சாப்பிட்டதும் இந்தப் பக்கத்து அரிசியைத்தான்.

வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் பாதை அகலப்பாதை. 1875 வாக்கில் செலவைக் குறைக்க அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, பெரும் செலவில் மறுபடி அகலப்பாதையாக்கினார்கள். திருவாரூர்–காரைக்குடி பாதை முழுதாக அகலமானது 2019இல்தான். சரக்குக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மீட்டர் கேஜ் வேகன் அகலப்பாதையில் ஓடாது. பாதை மாறுகிற ஊரில் மொத்தச் சரக்கையும் ஒரு வேகனில் இருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். மேலே ஆறு தடவை என்று எண்ணினோமே, அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில் வருகிற ரயில்கள்

தஞ்சாவூரில் இருந்து நெல் வெளியே போகிறது என்று மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான். தமிழ்நாட்டுக்குள் அரிசியும் கோதுமையும் ரேக் ரேக்காக வந்துகொண்டேயிருக்கின்றன. நம் ரேஷன் கடைகளில் போடுகிற அரிசி முழுவதும் இங்கே விளைந்தது இல்லை. தெலங்கானா, ஆந்திரா, பஞ்சாப் என்று உபரியாக விளைகிற இடத்தில் இருந்து வருவதும் உண்டு. அதைக் கொண்டுவருவது இந்திய உணவுக் கழகம், எஃப்.சி.ஐ. வருஷத்துக்குச் சுமார் நான்கு கோடி டன் தானியத்தை நாடு முழுக்க நகர்த்துகிறார்கள், அதில் மிகப் பெரும் பகுதி ரயிலில்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றால் லாரியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு தகவல், டெல்டாக்காரன் என்ற பெருமையில் சொல்லிக்கொள்கிறேன்: 1965 ஜனவரி 14இல் எஃப்.சி.ஐ தொடங்கியபோது தலைமையகம் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அன்றைக்குத் தைப் பொங்கல் வேறு.

2020 ஊரடங்கின்போது இந்த ரயில்களின் அருமை தெரிந்தது. ஆள் போகிற ரயில் எல்லாம் நின்றுவிட்டது, தானிய ரயில் நிற்கவில்லை. தென் மத்திய ரயில்வே இரண்டு ரேக்குகளை ஒன்றாகக் கோத்து 84 வேகன், 5,200 டன் என்று 'ஜெய் கிசான்' என்ற பெயரில் ஓட்டியது. லூப் லைனில் அடங்காத அவ்வளவு நீள ரயிலை ஓட்ட முடிந்ததற்குக் காரணம், ஒதுங்கி வழிவிட எக்ஸ்பிரஸ்களே இல்லாமல் பாதை காலியாகக் கிடந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு நேரம் பேசியது மூட்டையில் போகிற தானியம். மூட்டையே இல்லாமலும் போகலாம். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கோதுமை பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. சைலோ என்கிற உயரமான கொள்கலனில் இருந்து குழாய் வழியாக வேகனின் மேல்வாயில் கொட்டும், போய்ச் சேர்ந்ததும் அடிவாயைத் திறந்தால் கீழே இருக்கிற குழியில் இறங்கிவிடும். தலையில் சுமப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்தியாவிலும் இது இருக்கிறது. பஞ்சாபின் மோகா, ஹரியானாவின் கைத்தல் இரண்டு ஊர்களிலும் எஃப்.சி.ஐக்காகக் கட்டிய பெரிய சைலோக்களில் இருந்து, தனி வகை வேகன்களில், சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட ஊர்களில் இருக்கிற சைலோக்களுக்குக் கோதுமை உதிரியாகவே வருகிறது. 2007 முதல் இப்படி.

நெல்லுக்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். கோதுமை மணி வழவழப்பானது, தண்ணீர் மாதிரி ஓடும். நெல் சொரசொரப்பு, சுணை. குழாயில் தேங்கும், குழாயையும் தேய்க்கும். ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதோடு ஒரு கொள்முதல் நிலையத்தில் சன்னம் ஒரு பக்கம், பொது ரகம் ஒரு பக்கம் எனத் தனித்தனியே வைக்க வேண்டும். சாக்கில் என்றால் அது சுலபம். தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, சணல் விவசாயிகளுக்காகக் கொண்டுவந்தது. ஆக, டெல்டா நெல் மூட்டையை விட்டு வெளியே வர இன்னும் ரொம்ப நாள் ஆகும். அதுவரை சும்மாடும் பலகையும்தான்.

ரேக் கிளம்பிப் போன பிறகு குட்ஷெட் நடைமேடையைப் பார்த்தால், மஞ்சள் பாய் விரித்த மாதிரி நெல் சிந்திக் கிடக்கும். புறா ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். துடைப்பமும் முறமுமாகப் பெண்கள் வந்து கூட்டி, மண் தனியாக நெல் தனியாகப் புடைத்துச் சாக்கில் பிடிப்பார்கள்.

அடுத்த தடவை ஏதாவது கேட்டில் சரக்கு ரயிலுக்காக நிற்க நேர்ந்தால் வேகனை எண்ணிப் பாருங்கள். ஜன்னல் இல்லாத, பக்கவாட்டில் கதவு வைத்த மூடு வேகனாக இருந்து 42 வந்தால் பழைய வகை. 58 வந்தால் புதிய வகை; அதன் வேகன் ஒவ்வொன்றும் நீளத்தில் குட்டை, அகலம் கூடுதல், ஆனாலும் மொத்த ரயிலும் அதே லூப் லைனுக்குள் அடங்கிவிடும். குட்ஷெட் பக்கத்துக் கேட்டாக இருந்து 21 மட்டும் வந்தால், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஒரு டீ சொல்லுங்கள். மீதி 21 இன்னும் வரவில்லை.